1938 தாராபுரம், கொலையான வக்கீல்: என் நாவலில் கோர்ட்டு விஷயங்கள் சரியா இருக்குங்களா?

அமராவதிக்கரை கேட்டது:

வணக்கமுங்க. துப்பறியும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 1938 ஏப்ரல், இடம் தாராபுரம். முன்சீப் கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீல் ஒருவர் தன் ஆபீஸ் அறையிலேயே ராத்திரி வெட்டுப்பட்டுச் சாகிறார். அதே கட்டடத்தில் பக்கத்து அறையில் ஆபீஸ் வைத்திருக்கும் 26 வயது வக்கீல்தான் கதாநாயகன். போலீஸ் மறுநாளே ஒரு விவசாயியைப் பிடித்துவிடுகிறது. அவர் இறந்தவரின் கட்சிக்காரர், கடன்பட்டவர். முந்தின நாள் சாயங்காலம் அவர் வக்கீலிடம் சத்தம் போட்டதைத் தெருவே கேட்டிருக்கிறது.

இப்போதைய வரைவில் உள்ளவை: கதாநாயகன் விவசாயிக்கு முன்ஜாமீன் கேட்கிறான், ஸ்டேஷனில் சாட்சிகள் கையெழுத்துப் போட்ட வாக்குமூலங்களைப் படிக்கிறான், கோவை செஷன்ஸ் கோர்ட்டில் ஜூரி முன்னால் விவசாயியைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் செய்து பேச வைக்கிறான். ஆயுதத்தை வெள்ளம் போகும் அமராவதியில் வீசியதாக எழுதியிருக்கிறேன். கொலைக்குக் காரணம் இன்னும் உறுதியாகவில்லை. காணாமல் போன ஒரு பத்திரத்தைச் சுற்றி அமைக்க ஆசை. அந்தக் காலத்து நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

பழைய_கட்டு எழுதியது:

நல்ல களமுங்க தம்பி. ஆனால் நீங்கள் சொன்ன நான்கு காட்சிகளும் 1938-ல் நிற்காது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முன்ஜாமீன் 1973 சட்டத்தில் வந்தது. 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் 167-ம் பிரிவில் 15 நாள் வரை ரிமாண்டு. 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் தானாக ஜாமீன் என்பதும் அப்போது இல்லை. கொலைக் கேஸில் ஜாமீன் அரிது. ஆகவே விவசாயி கதை முழுக்க உள்ளேயேதான் இருப்பார். முதலில் தாலுகா சப்-ஜெயில், கமிட்டல் (மாஜிஸ்திரேட் வழக்கைச் செஷன்ஸுக்கு அனுப்புவது) ஆன பிறகு கோவை மத்தியச் சிறை. இதை இழப்பாக நினைக்காதீர்கள், கதைக்கு அதுவே இறுக்கம் கொடுக்கும்.

போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது, 162-ம் பிரிவு அதைத் தடுக்கிறது. வக்கீல் ஸ்டேஷனுக்குப் போய்ப் படிக்கவும் முடியாது. சாட்சி கூண்டில் ஏறிய பிறகு, எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு) கேட்டால் கோர்ட் அதைப் பார்த்து நகல் கொடுக்கச் சொல்லும், அதுவும் முரண்பாட்டைக் காட்டுவதற்கு மட்டும். விசாரணைக்கு முன்பே எல்லா நகலையும் இலவசமாகக் கொடுப்பது 1955 திருத்தத்துக்குப் பிறகு. போலீஸ் கேஸ் டைரி எதிரித் தரப்பின் கண்ணிலேயே படாது. அதனால் உங்கள் கதாநாயகன் கமிட்டல் விசாரணை வரை இருட்டில்தான் நடக்க வேண்டும். அந்த விசாரணையில்தான் முதல்முறையாகச் சாட்சிகள் வாய் திறப்பதைக் கேட்பான்.

கமிட்டலை விட்டுவிடாதீர்கள். நிறைய நாவல்கள் கைதிலிருந்து நேரே செஷன்ஸுக்குத் தாவிவிடுகின்றன. போலீஸ் குற்றப்பத்திரிகை வைத்ததும் சப்-மாஜிஸ்திரேட் அதை பி.ஆர்.சி. (பூர்வாங்க விசாரணைப் பதிவு) நம்பர் போட்டு எடுப்பார். சாட்சிகளை விசாரித்து, முகாந்திரம் உண்டென்று பட்டால் செஷன்ஸுக்கு அனுப்புவார். கெட்டிக்கார வக்கீல் இங்கே குறுக்கு விசாரணையே செய்யாமல் இருந்துவிடுவார். தன் கையில் உள்ளதை முன்கூட்டியே காட்டினால் சாட்சி சுதாரித்துக்கொள்வான். ஆனால் சாட்சி சொன்ன ஒவ்வொரு மணிக்கணக்கையும் குறித்துக்கொள்வார், செஷன்ஸில் மாற்றிச் சொன்னால் அங்கே மடக்கலாம்.

இன்னொன்று. அன்றைய மாஜிஸ்திரேட் பெரும்பாலும் ரெவின்யூ அதிகாரி. தாசில்தாருக்கே மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. வரி வசூலிக்கிறவர், நில வழக்குகளில் ஊர்ப் பெரிய தனக்காரர்களோடு பழகுகிறவர், அதே கையால் ரிமாண்டு உத்தரவும் எழுதுகிறார். சென்னை மாகாணத்தில் இந்த இரண்டையும் பிரித்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். உங்கள் கொலையாளி வசதியான ஆளாக இருந்தால் இந்த இடத்தை நன்றாகப் பயன்படுத்தலாம்.

ஜூரி: மதராஸ் நகரத்தில் ஹைகோர்ட் செஷன்ஸில் 9 பேர் ஜூரி உண்டு. 1944-ல் நடந்த லட்சுமிகாந்தன் கொலையின் வழக்கு அப்படி விசாரிக்கப்பட்டது. அதைப் படித்துவிட்டுக் கோவைக்கும் ஜூரி போடுகிறார்கள். மொபசலில், அதாவது நகரத்துக்கு வெளியே ஜில்லாக்களில், கொலை வழக்கு அசெசர்கள் துணையோடு நடக்கும், மூன்று அல்லது நான்கு பேர். ஒவ்வொருவரும் தன் அபிப்பிராயத்தைச் சொல்வார், ஜட்ஜ் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. நான்கு அசெசர்களும் “குற்றவாளி இல்லை” என்று சொல்லி, ஜட்ஜ் தூக்கு எழுதுவது சட்டப்படி முடியும். எழுதிப் பாருங்கள், அந்தக் காட்சிக்கு வசனமே வேண்டாம்.

எதிரி சத்தியம் செய்து தனக்காகச் சாட்சி சொல்லும் உரிமையும் 1955-ல் வந்ததுதான். அதற்கு முன் 342-ம் பிரிவில் ஜட்ஜ் கேள்வி கேட்பார், எதிரி சத்தியமில்லாமல் பதில் சொல்லலாம் அல்லது பேசாமல் இருக்கலாம். குறுக்கு விசாரணை கிடையாது. பெரும்பாலும் “எனக்குத் தெரியாதுங்க, பொய்க் கேசுங்க” என்ற இரண்டு வரியோடு முடிந்துவிடும். ஜட்ஜை “யுவர் ஆனர்” என்று அழையுங்கள், “மை லார்ட்” ஹைகோர்ட்டுக்கு.

தண்டனையையும் கவனியுங்க. கொலைக்கான 302-ம் பிரிவுக்குத் தூக்கு அல்லது ஆயுள் நாடுகடத்தல். அந்தக் காலத்தில் தூக்கு கொடுக்காவிட்டால்தான் ஜட்ஜ் காரணம் எழுத வேண்டும். தூக்கு என்றால் ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும், அங்கே ஆர்.டி. (உறுதி செய்ய அனுப்பிய வழக்கு) நம்பர் விழும், இரண்டு நீதிபதிகள் கேட்பார்கள். எதிரி அப்பீல் போடக் கெடு வெறும் 7 நாள். கடைசி அத்தியாயத்துக்கு இந்த ஏழு நாள் போதும்.

---

நொய்யல் எழுதியது:

பழைய_கட்டு அண்ணா சொன்னதற்குப் பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். உங்கள் கதாநாயகனுக்கு இந்த வழக்கில் என்ன இடம்? வக்கீல் என்பதால் யாரையும் விசாரிக்கவோ, சோதனை போடவோ அவனுக்கு அதிகாரம் இல்லை. ஒரு கட்சிக்காரர் வக்காலத்து கொடுத்தால்தான் கோர்ட்டில் அவனுக்கு நிற்க இடம்.

இரண்டு வழி இருக்கிறது. இறந்தவரின் மனைவிக்காக ஆஜராகலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 493-ம் பிரிவுப்படி தனியார் வைத்த வக்கீல் பப்ளிக் பிராசிக்யூட்டரின் உத்தரவுக்குக் கீழே வேலை செய்யலாம், தன் இஷ்டத்துக்கு ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிட முடியாது. மற்றொரு வழி, கைதான விவசாயிக்கே வக்கீலாவது. தூக்கு விழக்கூடிய கேஸில் எதிரிக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் செஷன்ஸில் சர்க்கார் செலவில் ஒருவரை நியமிப்பார்கள். இளம் வக்கீல்களுக்குத்தான் அது வரும், பணமும் சொற்பம். பக்கத்து அறை வக்கீலைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஆளுக்காகவே வாதாட வேண்டிய நிலை. ஊர் என்ன பேசும், பார் அசோசியேஷனில் யார் முகம் திருப்பிக்கொள்வார்கள் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். பிணத்தை முதலில் பார்த்தவன் கதாநாயகன் என்றால் அவன் அரசுத் தரப்புச் சாட்சி. சாட்சி அதே கேஸில் வக்கீலாக நிற்பது முறையல்ல. அதனால் காலையில் பிணத்தைக் கண்டது குமாஸ்தா என்று மாற்றிவிடுங்கள்.

குமாஸ்தாவை வெறும் துணைப் பாத்திரமாக விட்டுவிடாதீர்கள். எந்தக் கட்டு எந்த அலமாரியில், எந்தக் கட்சிக்காரர் என்ன பத்திரம் கொடுத்தார், என்றைக்கு வாய்தா எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். ஆனால் சாட்சியச் சட்டம் 126-ம் பிரிவுப்படி கட்சிக்காரர் சொன்னதையும் கொடுத்த பத்திரத்தில் இருப்பதையும் வக்கீல் வெளியே சொல்லக்கூடாது. 127 அதையே குமாஸ்தாவுக்கும் விரிக்கிறது. கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதித்தால்தான் வாய் திறக்கலாம். இங்கே கட்சிக்காரரே சப்-ஜெயிலில் இருக்கிறார். ஆகவே கதாநாயகன் முதலில் போக வேண்டிய இடம் கொலை நடந்த அறை அல்ல, ஜெயில். 1894 சிறைச் சட்டப்படி விசாரணைக் கைதி தன் வக்கீலோடு கூடியவரை தனியாகப் பேச அனுமதி உண்டு. வார்டர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கட்டும், காதுக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம்.

இறந்தவர் முன்கூட்டிச் சொன்ன வார்த்தையும் சாட்சியமாகும். சாட்சியச் சட்டம் 32(1) பிரிவு மரண வாக்குமூலத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சாவில் போய் முடிந்த சம்பவத்தின் சூழ்நிலையைப் பற்றிச் சொன்னதும் அதில் வரும். “இன்னைக்கு ராத்திரி அவுரு வர்றாரு, அந்தப் பழைய நோட்டுகளை எடுத்து மேசை மேல வெச்சுட்டுப் போ” என்று வக்கீல் சாயங்காலம் குமாஸ்தாவிடம் சொல்லியிருந்தால் அதை கோர்ட்டில் கேட்க வைக்கலாம். இதைத் தெளிவாக்கிய பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த கடைசி அப்பீல் கோர்ட்) தீர்ப்பு, பகல நாராயண சுவாமி வழக்கு, 1939-ல் வந்தது. உங்கள் விசாரணை 1938-ல் முடிந்தால் வக்கீல் வாயில் அந்தப் பெயர் வரக்கூடாது, பிரிவை மட்டும் வைத்து வாதாடட்டும்.

---

பேரேடு எழுதியது:

பத்திரம் என்றதும் எல்லோரும் உயில் அல்லது கிரயப் பத்திரத்துக்குப் போகிறார்கள். பதிவான பத்திரத்தைத் திருடிப் பிரயோஜனம் இல்லை. சார்பதிவாளர் ஆபீஸ் புத்தகத்தில் நகல் இருக்கும், கிரயப் பத்திரம் என்றால் யார் வேண்டுமானாலும் மனுப்போட்டுப் பார்க்கலாம். காணாமல் போனால் திரும்பக் கிடைக்காத காகிதம் வேண்டும். 1938 ஏப்ரல் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது தெரிந்தா தெரியாமலா என்று தெரியவில்லை, அந்த மாதத்துக்குப் பொருத்தமான காகிதம் ஒன்று இருக்கிறது: தீர்ந்துபோன பழைய புரோநோட்டு (கடன் சீட்டு).

1938 மார்ச்சில் ராஜாஜி மந்திரிசபையின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அந்த வருஷத்து 4-ம் சட்டம், அமலுக்கு வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் விவசாயி வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை பாக்கி நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி, அசல் மட்டும் கொடுத்தால் போதும். அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு வட்டி 5 சதவீதம் என்று குறைக்கப்படும், ஆனால் அசல் அப்படியே நிற்கும்.

இப்போது கொங்கு நாட்டில் கடன் எப்படி ஓடும் என்று பாருங்கள். புரோநோட்டுக்குக் காலக்கெடு மூன்று வருஷம். கெடு முடிவதற்குள் வட்டியை அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதி வாங்குவார்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அட்சய வருஷம் ஆடியில், அதாவது 1926-ல், 1,000 ரூபாய். 1929 ஆடியில் 1,360-க்குப் புது நோட்டு. 1932 ஆடியில் 1,850. 1935, யுவ வருஷம் ஆடியில் 2,516. கையில் ரொக்கமாக வந்தது முதல் ஆயிரம்தான். கடைசி நோட்டை மட்டும் பார்த்தால் 1935-ல் 2,516 ரூபாய் ரொக்கம் வாங்கிய புதுக் கடன். மாற்று நோட்டு என்று நிரூபித்தால் கடன் 1926-க்குப் போய்விடும், அசல் 1,000 மட்டும்.

நிரூபிப்பது எப்படி? புது நோட்டு எழுதும்போது பழைய நோட்டை, அது தீர்ந்ததற்கு அடையாளமாக முதுகில் “செல்லு” எழுதிக் கடன்பட்டவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலோர் கிழித்துப் போட்டுவிடுவார்கள், ஒரு சிலர் தகரப் பெட்டியில் வைத்திருப்பார்கள். உங்கள் விவசாயி வைத்திருந்தார். சட்டம் வந்ததும் மூன்று பழைய நோட்டையும் வக்கீலிடம் கொண்டுவந்து கொடுத்தார். அது இல்லாவிட்டால் நோட்டில் எழுதிய தொகை கைமாறியது என்ற சட்ட அனுமானம் கடன் கொடுத்தவர் பக்கம் நிற்கும். ஒரு ஆளின் 1,500 ரூபாய்க்காகக் கொலை என்பது பலவீனம்தான். ஆனால் கடன் கொடுத்த லேவாதேவிக்காரரிடம் இதே முறையில் நோட்டு எழுதிக்கொடுத்தவர்கள் நாற்பது குடும்பம் என்று வையுங்கள். முதல் கேஸ் ஜெயித்தால் மற்றவர்களும் தகரப் பெட்டியைத் திறப்பார்கள். இப்போது காரணம் பலமாகிவிட்டது. 1935 ஆடி நோட்டுக்கு 1938 ஆடியில் கெடு முடிகிறது, அதனால் லேவாதேவிக்காரருக்கு அவசரமும் இருக்கிறது.

மாட்டிக்கொள்ளும் இடம் ஸ்டாம்பு. புரோநோட்டுக்கு 250 ரூபாய் வரை ஓரணா, 1,000 வரை இரண்டணா, அதற்கு மேல் நாலணா. குறைந்த ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டை அபராதம் கட்டிக்கூடச் சாட்சியமாக்க முடியாது. கொலைக்குப் பிறகு லேவாதேவிக்காரர், விவசாயிக்குப் பங்காளியான இன்னொருவர் பெயரில் 1935 தேதி போட்டு ஒரு போலி நோட்டு தயாரிக்கிறார் என்று வையுங்கள். ஸ்டாம்பு நாலணா, தொகை சரி, எழுத்தும் சரி. ஆனால் ஸ்டாம்பில் இருக்கும் ராஜா தலை ஆறாம் ஜார்ஜ். அவர் பட்டத்துக்கு வந்தது 1936 டிசம்பர் 11. ஐந்தாம் ஜார்ஜுக்குத் தாடி உண்டு, ஆறாம் ஜார்ஜுக்கு இல்லை. கையெழுத்து ஸ்டாம்பின் குறுக்கே ஓடியிருப்பதால் முகம் மையில் மறைந்திருக்கும், தாடை மட்டும் தெரியும். நோட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் தாடியில்லாத தாடை. வாசகரும் அதே இடத்தில் பிடிப்பார்.

வருஷப் பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்க. 1938 ஏப்ரல் பாதி வரை ஈஸ்வர வருஷம், சித்திரை பிறந்தால் வெகுதானிய.

---

அமராவதிக்கரை கேட்டது:

பேரேடு அண்ணா, காரணம் கிடைத்துவிட்டதுங்க, ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். விவசாயி பக்கத்துக் கிராமத்து மணியக்காரரிடம் “நான்தான் வெட்டினேன்” என்று ஒப்புக்கொண்டதாகப் போலீஸ் ஒரு காகிதம் காட்டுகிறது. அது செல்லுமா? கொடுவாளை அவரே எடுத்துக் கொடுத்ததாக மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) இருந்தால்?

---

பழைய_கட்டு எழுதியது:

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியச் சட்டம் 25-ம் பிரிவில் செல்லாது. மணியக்காரர் போலீஸ் அல்ல, அதனால் அவரிடம் சொன்னது செல்லக்கூடும். அதற்காகத்தான் போலீஸ் அந்த வழியைத் தேடும். ஆனால் போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு எதிரி சொல்வதைக் கிராம மாஜிஸ்திரேட்டான மணியக்காரர் எழுதி வாங்கவே கூடாது என்று சென்னை மாகாண கிரிமினல் நடைமுறை விதிகளில் கண்டிப்பான தடை உண்டு. ஆகவே எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிவானது, அது மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று அதிலேயே குறிப்பு இருக்கும். மணியக்காரர் காகிதத்தில் “காலை 8 மணி” என்றும், எஃப்.ஐ.ஆரில் 7 என்றும் இருந்தால் காகிதம் விழுந்தது. கிராமத்துச் சாட்சிகள் மணி சொல்ல மாட்டார்கள், “பொழுது கெளம்பி ரெண்டு நாழிகை” என்பார்கள். நாழிகைக்கு 24 நிமிஷம். குறுக்கு விசாரணையை அந்தக் கணக்கில் கட்டுங்கள்.

கொடுவாள் விஷயம் 1938-ல் எதிரிக்கு மிக ஆபத்து. அதே சட்டம் 27-ம் பிரிவில், எதிரி சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதோடு சம்பந்தப்பட்ட பேச்சு செல்லும். 1937-ல் ஆத்தப்ப கவுண்டன் வழக்கில் சென்னை ஹைகோர்ட் முழு அமர்வு இதை மிக விரிவாக எடுத்துக்கொண்டது. “இதால்தான் வெட்டினேன்” என்ற பகுதியும் உள்ளே வந்துவிடும். பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் அதை மறுத்துச் சுருக்கியது உங்கள் கதைக்கு எட்டு வருஷம் கழித்து. இன்றைய சட்டம் தெரிந்த வாசகர் “இது செல்லாதே” என்பார், ஆனால் உங்கள் கதாநாயகன் அந்த வாதத்தை வைத்துத் தோற்க வேண்டும். அவனுக்கு இருக்கும் ஒரே வழி மகஜர் சாட்சிகளை உடைப்பது: யார், எந்த ஊர், இதற்கு முன் எத்தனை மகஜரில் கையெழுத்து, கொடுவாள் எடுத்த இடத்தில் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு.

ரத்தக்கறை மதராஸ் கெமிக்கல் எக்ஸாமினருக்குப் போகும். அவர் ரத்தம் என்று சொல்வார். மனித ரத்தமா என்று கல்கத்தா இம்பீரியல் சீராலஜிஸ்ட் (சர்க்காரின் ரத்தப் பரிசோதனை நிபுணர்) சொல்ல வேண்டும். இரண்டு அறிக்கையும் சேர வாரங்கள் ஆகும், அதுவரை “ஆட்டு ரத்தம்” என்ற வாதம் உயிரோடு இருக்கும்.

---

நொய்யல் எழுதியது:

ஆற்றை மாற்றிவிடுங்க. ஏப்ரலில் அமராவதியில் மணல்தான் தெரியும், வெள்ளம் வராது. அணை கட்டியது 1950-களில். கிணறு சரியாக இருக்கும். சித்திரையில் நம் பக்கத்துக் கிணறுகளில் நீர் அடியாழத்தில் கிடக்கும், வீசிய இரும்பு பாறையில் பட்டு ஓசை கேட்கும், கவலை ஓட்ட (மாடு பூட்டி நீர் இறைக்க) வந்த ஆள் காலையில் எட்டிப் பார்ப்பான்.

தாராபுரத்துக்கு ரயில் கிடையாது. திருப்பூர் ஸ்டேஷன் சுமார் 30 மைல், கோவை 50 மைல். மாட்டு வண்டியில் திருப்பூர் போக ராத்திரி முழுக்க ஆகும். கொலையாளிக்கு அலிபி வேண்டுமென்றால் கண்ணபுரம் மாட்டுச் சந்தையைக் கொடுங்கள், சித்திரையில் மாரியம்மன் தேரோடு கூடும். ஆயிரக்கணக்கில் காங்கேயம் மாடு, வெளியூர் ஆட்கள், ரொக்கம். அங்கே அவரைப் பார்த்தோம் என்று பத்துப் பேர் சொல்வார்கள், எந்த நேரத்தில் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. வெள்ளகோயில் பக்கமிருந்து தாராபுரத்துக்கு நல்ல காளை பூட்டிய சவாரி வண்டியில் ராத்திரியோடு போய்த் திரும்பிவிடலாம். மறுநாள் காலை அந்தக் காளைகள் இருக்கும் நிலையைப் பார்த்தே ஒரு மாட்டு வியாபாரி கண்டுபிடித்துவிடுவார். அவரைக் கதாநாயகன் சாட்சியாகக் கூப்பிடட்டும்.

முகவரியில் கோயமுத்தூர் ஜில்லா என்றே போடுங்கள். திருப்பூர் மாவட்டம் 2009-ல் வந்தது.